இடித்த வீட்டுக்கு எத்தனை மார்க்?

கட்டடங்களுக்கு மார்க் போடும் வேலை ஒன்று புதிதாகக் கிளம்பியிருக்கிறது. பலமாக இருக்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்த்துப் போடுகிற மார்க் இல்லை. பழைய பொருள் எவ்வளவு உள்ளே போனது, கழிவு எவ்வளவு வெளியே வந்தது, வந்ததில் எவ்வளவு மறுபடி பொருளாகும், கட்டடம் எத்தனை வருஷம் நிற்கும் என்றெல்லாம் கேட்டு, பதில்களை எக்செல் தாளில் போட்டுக் கூட்டி, ‘சுழற்சிப் பொருளாதார மதிப்பீடு’ என்று அட்டை போட்டுக் கொடுப்பார்கள். ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினீயர்களுக்கு இதில் கொஞ்சம் கைச்செலவுக்குக் காசு வரும். எனக்கும் வருகிறது, ஆகையால் அதைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுவேன்.

இதற்குச் சர்வதேசத் தரங்களும் இருக்கின்றன. பிரித்தெடுக்கத் தோதாகக் கட்டடத்தை வடிவமைப்பது எப்படி என்று 2020இல் ஐ.எஸ்.ஓ. 20887 வந்தது. சுழற்சியை அளப்பது எப்படி என்று 2024இல் ஐ.எஸ்.ஓ. 59020. இரண்டையும் படித்து முடித்தபோது, இதில் பாதியை மாயவரத்தில் எங்கள் அப்பாயி 1968இலேயே அமல்படுத்திவிட்டாள் என்று தோன்றியது. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது ஒரு சௌகரியம். படிவம் நிரப்புகிற தொல்லை இல்லாமல் வேலையைப் பார்க்க முடிந்தது.

அந்த வருஷம் அப்பா, தாத்தா காலத்து ஓட்டு வீட்டைப் பிரித்து அதே மனையில் மச்சு வீடு கட்டத் தீர்மானித்தார். வேலை கூரையிலிருந்து தொடங்கியது. மேலே ஒரு ஆள், ஏணியில் ஒரு ஆள், கீழே ஒரு ஆள் என்று கைமாற்றி மங்களூர் ஓடுகளை இறக்கிக் கொல்லையில் அடுக்கினார்கள். சில ஓடுகளில் பாசல் மிஷன் பெயரும் 1865 என்ற வருஷமும் புடைத்திருக்கும். அது மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். ஓடு சுட்ட வருஷமே அதுதான் என்று தெருக்காரர்கள் பெருமை பேசுவார்கள், யாரும் மறுத்ததில்லை. ஓட்டுக்குப் பிறகு ரீப்பர், பிறகு பனங்கை, பிறகு உத்திரம். அப்புறம் கதவு, ஜன்னல், நிலை. கடைசியில்தான் சுவர்.

முன்கட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியது. கடப்பாரையால் நெம்பினால் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கரண்டி விளிம்பால் செங்கல்லில் ஒட்டியிருந்த காரையைத் தட்டி எடுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முழுக்கல் புதுச் சுவருக்கு. அரையும் முக்காலும் உடைபட்டு ஜல்லியாகும். காவிரிப் படுகையில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். கருங்கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சிப் பக்கம் போக வேண்டும். அதனால் எங்கள் ஊரில் ஜல்லி என்றாலே செங்கல் ஜல்லி. ஜல்லிக்கும் உதவாத பொடியைச் சலித்துச் சுர்க்கியாகச் சுண்ணாம்போடு சேர்த்தார்கள். சலித்து மிஞ்சியது தரையை மேடாக்கப் போனது. பின்கட்டு மண்சுவரின் மண்ணை ஒருவர் மாட்டு வண்டி கொண்டுவந்து, காசு கொடுத்து, வயலுக்கு எருவாக அள்ளிக்கொண்டு போனார். உளுத்த பனங்கைகள் நெல் அவிக்கிற அடுப்புக்கு; அந்தச் சாம்பல் பாத்திரம் துலக்க. ஆணி நிமிர்த்தும் இலாகா எனக்கும் என் தங்கைக்கும் ஒதுக்கப்பட்டது. கருங்கல் துண்டின் மேல் ஆணியைக் கிடத்திச் சுத்தியால் தட்டி, கொட்டாங்கச்சியில் போட வேண்டும். விரல் நசுங்கினால் அப்பாயி முதலில் ஆணியைத்தான் பார்ப்பாள்.

குப்பை என்று அந்த மனையைவிட்டு வெளியே போனது எது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நல்ல பாம்பு போனது. அதுவும் தானாகப் போனது.

மதிப்பீட்டாளர் அப்பாயிதான். பூவரச மரத்தடியில் கயிற்றுக் கட்டில். அங்கிருந்தே எல்லாம் தெரியும்.

“ஆச்சி, இந்த நிலை ஒதவாது. அடி உளுத்துப்போச்சு” என்றார் மேஸ்திரி.

“எத்தனை வெரக்கட உளுத்திருக்கு?”

“நாலு இருக்கும்.”

“அந்த நாலை அறுத்துட்டு வையி.”

“ஒசரம் கொறையுமே ஆச்சி.”

“கொறையட்டும். குனிஞ்சு போனா என்ன கேடு? உள்ள சாமி படம் இருக்குல்ல.”

அந்த நிலையில் எங்கள் அத்தை வீட்டு மாமா நெற்றியில் இடித்துக்கொள்ளாத தீபாவளி கிடையாது. ஆறடி ஆள். அவர் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டால் அப்பாயி அடுக்களையிலிருந்து, “மாப்ள வந்துட்டாரு, காப்பி போடு” என்பாள்.

சுண்ணாம்பு கடலோரத்துக் கிளிஞ்சலைச் சுட்டது. வட்டமாகத் தோண்டிய காடியில் கல் உருளை, அதை இழுக்கும் மாடு, காடிக்குள் சுண்ணாம்பும் மணலும் சுர்க்கியும். அன்றைக்கு எங்கள் மனையில் உண்மையாகவே சுழன்றுகொண்டிருந்தது அந்த மாடு ஒன்றுதான். மச்சுக்கு மெட்ராஸ் டெரஸ் போட்டார்கள்: பழைய உத்திரங்கள், அவற்றின் மேல் மரக்கட்டைகள், கட்டைகளின் மேல் செங்குத்தாக நிறுத்திய சின்னச் செங்கல், அதற்கு மேல் செங்கல் ஜல்லிக் காரை. ஜல்லிக் காரையைப் பெண்கள் குந்தியபடி மரக்கட்டையால் நாள் கணக்கில் அடித்து இறுக்கினார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பார்கள். எறும்புகளுக்கு அந்த மாதம் கல்யாணம்.

இதையெல்லாம் கேட்டு, “ஆஹா, நம் முன்னோர்!” என்று யாராவது எழுந்து நின்றால் கொஞ்சம் உட்காரச் சொல்வேன். எங்கள் வீட்டில் யாருக்கும் பூமியைக் காப்பாற்றுகிற எண்ணமில்லை. அப்பா ஒரு ரைஸ் மில்லில் கணக்குப்பிள்ளை. சிமென்ட் அப்போது கட்டுப்பாட்டில் இருந்தது. பெர்மிட் வேண்டும், பெர்மிட்டுக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஆளின் செல்வாக்கு ஜன்னல் மேல் லிண்டலுக்கும் கிணற்றடித் தளத்துக்கும்தான் போதுமானதாக இருந்தது. மீதி வீட்டைச் சுண்ணாம்பு கட்டியது. சிமென்ட் மூட்டை ஏராளமாகக் கிடைத்திருந்தால் அப்பாயியே முதல் ஆளாக மாட்டைக் கட்டவிழ்த்து விட்டிருப்பாள்.

இன்னொன்று, அந்தச் சித்தாள் பெண்கள். சுண்ணாம்பு அவர்கள் விரல் நுனியைத் தின்றுகொண்டிருந்தது. மதியம் சோற்றுக்குள் கை வைத்தால் எரியும் என்று கரண்டியால் சாப்பிட்ட ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். ஒரு பழைய செங்கல்லைச் சுத்தம் செய்ய ஆகிற கூலி, சூளையிலிருந்து வருகிற புதுக்கல்லின் விலையைவிடக் குறைவாக இருந்தது. அதனால்தான் பழைய செங்கல் திரும்பச் சுவருக்குப் போனது. அன்றைய சுழற்சிப் பொருளாதாரம் ஓடியது மலிவான கூலியில். இதைச் சொல்லாமல் அப்பாயி புராணம் பாடுவது நேர்மையில்லை.

மறுபயன்பாடு எல்லாமே புண்ணியக் கணக்கிலும் சேராது. எங்கள் ஊருக்கு வடக்கே கொள்ளிடத்தில் 1836இல் கீழணை கட்டியபோது, கல்லுக்குப் பஞ்சம் என்று கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் போட்டார்கள். ராஜேந்திர சோழனின் கல், கம்பெனியின் அணை, விவசாயிகளின் பாசனம். இன்றைய எக்செல் தாளில் அதற்கு முழு மார்க் கிடைக்கும்.

அந்த மச்சு வீடு இப்போது இல்லை. எங்களிடமிருந்து வாங்கியவர் ஒரே பகலில் ஜேசிபியால் தரைமட்டமாக்கினார். காரைச் சுவர் என்பதால் செங்கல்கள் முழுசு முழுசாகவே விழுந்தனவாம். தட்டிச் சுத்தம் செய்ய ஆள் கூலி கட்டுப்படியாகாது என்று அவ்வளவையும் லாரியில் ஏற்றி ஒரு பள்ளத்தில் கொட்டினார்கள். கல் அதே கல், காரை அதே காரை. கூலிக் கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண்களின் பேத்திகள் கல் தட்ட வரவில்லை என்பது நல்ல செய்தி.

சிமென்ட் கட்டுப்பாடு 1982இல் பாதி தளர்ந்தது. 1989இல் முழுதும் போனது. நான் சென்னையில் அடுக்குமாடிகள் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. மேஸ்திரிகளுக்கு ஒரு தலைமுறைக்குள் சுண்ணாம்பு மறந்துவிட்டது. சிமென்ட் சீக்கிரம் இறுகும், மழைக்குத் தாங்கும், மாடு வேண்டாம். எல்லாம் நியாயம். ஒரே ஒரு குணம்தான் யாருடைய கணக்கிலும் வரவில்லை. சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிடப் பலம் குறைந்தது. சுவரைப் பிரித்தால் முதலில் காரை விடும், கல் பிழைக்கும். சிமென்ட் கலவை பிடித்தால் விடாது, கல்தான் உடையும். அந்தச் சுவரிலிருந்து முழுக்கல் எடுப்பது, ஒட்டிப்போன தபால்தலையைக் கிழியாமல் உரிக்கிற வேலை. ஒரு கட்டடத்தின் பொருள் திரும்பி வருமா, வராதா என்பது அதை இடிக்கிற அன்று முடிவாவதில்லை. முதல் வரிசைக் கல்லை எந்தக் கலவையில் வைத்தோமோ அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. மதிப்பீட்டுக்காரர்களை நாம் கூப்பிடுவதோ இடிக்கிற அன்று.

என்னைச் சமீபத்தில் கூப்பிட்டதும் அப்படி ஒரு அன்றைக்குத்தான். சென்னையின் மேற்கே, எண்பதுகளில் கட்டிய மூன்று மாடி, பன்னிரண்டு வீடுகள். கட்டடத்தில் பெரிய கோளாறு எதுவுமில்லை. இரண்டு பால்கனியில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் 2019 கட்டட விதிகள், ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்கிற தளப்பரப்புக் குறியீட்டை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்திவிட்டன. 2022ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டம் 2024இல் அமலுக்கு வந்து, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்றாகிவிட்டது. நிலத்தின் விலை கட்டடத்தைவிட உயரமாக வளர்ந்த ஊரில் சுவரின் ஆயுளை யார் பார்க்கிறார்கள்?

கட்டுமான நிறுவனம் பசுமைச் சான்றிதழ் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தது. அதன் சார்பில் வந்த ஆலோசகர் ஒரு சின்னப் பெண். என் மகளைவிட இளையவர். தலையில் ஹெல்மெட், கையில் டேப்லெட், விஷயம் தெரிந்தவர். கேலி செய்ய இடமே கொடுக்கவில்லை. எனக்குத் தெரியாத இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லியும் கொடுத்தார்.

இடிப்புக் கான்ட்ராக்ட் எடுத்தவர் விழுப்புரம் பக்கத்து ஆள். சென்னையில் பழைய கட்டடம் இடிக்கக் கொடுத்தால் நாம் அவருக்குப் பணம் கொடுப்பதில்லை. பெரும்பாலும் அவர்தான் நமக்குக் கொடுப்பார். உள்ளே இருப்பதை விற்று அவர் லாபம் பார்க்க வேண்டும். அதனால் அவர் கட்டடத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. மாடி ஏறி இறங்குவதற்குள் தேக்கு நிலை எத்தனை, நாட்டுத் தேக்கா வேங்கையா, கிரில் எத்தனை கிலோ, ஒயரில் செம்பு எவ்வளவு, சிலாபில் கம்பி எவ்வளவு என்று வாய்க்குள் கூட்டி முடித்துவிட்டார். டேப்லெட்டில் அந்தக் கணக்கு ஏற இரண்டு வாரம் ஆயிற்று. அவருடைய கணக்கோடு கிட்டத்தட்ட ஒத்தும் போயிற்று.

“கதவெல்லாம் எங்க போகும் அண்ணா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

“திருவண்ணாமலை சைடு மேடம். ஒரு பார்ட்டி மொத்தமா எடுத்துக்குவாரு. ஊர்ல வீடு கட்றவங்க அவராண்ட வாங்குவாங்க.”

“அதுக்குப் பில் கெடைக்குமா?”

“பில்லா?” என்றவர் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார். வயசான ஆள், உங்களுக்காவது புரியும் என்கிற பார்வை.

பில் இல்லை. ஆகவே பன்னிரண்டு வீட்டுக் கதவுகளும் நிலைகளும் ‘சேரிடம் உறுதி செய்யப்படவில்லை’ என்ற கட்டத்தில் விழுந்தன. அந்தக் கட்டத்துக்கு மார்க் சுழியம். திருவண்ணாமலைப் பக்கம் யாரோ ஒருவர் புதுமனை புகும் வீட்டில் அந்தக் கதவு மஞ்சள் குங்குமத்தோடு நிற்கும். எங்கள் தாளில் அது கழிவு. அதே தாளில், புது வளாகத்தின் நடைபாதைக்கு வாங்கப்போகிற பேவர் பிளாக்குக்கு மார்க் உண்டு. மறுசுழற்சிப் பொருள் கலந்திருக்கிறது என்று தயாரிப்பாளர் அச்சடித்துக் கொடுத்த தாள் இணைக்கப்பட்டிருந்ததே காரணம். கதவு நிஜம், தாள் இல்லை. தாள் நிஜம், பிளாக் இன்னும் வரவேயில்லை.

இடிபாட்டு லாரிகளுக்கு எடைமேடைச் சீட்டு வேண்டும் என்பது நிபந்தனை. சீட்டுகள் ஒழுங்காக வந்தன, தேதி, வண்டி எண், டன் எல்லாவற்றோடும். எடை போட்ட பிறகு லாரி எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்குச் சீட்டில் இடமில்லை. சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாட்டை அரைத்துப் பிரிக்கிற நிலையங்கள் நடத்துகிறது. டெல்லியில் புராரியில் 2009இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் நிலையம் தூரத்தில் இருக்கிறது. பள்ளமான மனை பக்கத்தில் இருக்கிறது. மனையை மேடாக்க ரப்பிஷ் கேட்டு லாரிக்காரருக்குப் பணம் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களைப் போய்ப் பாருங்கள். யார் வீட்டு மொசைக் தரையோ நாணல் நடுவே பளபளக்கும்.

அரைத்த காங்கிரீட்டைப் புதுக் கட்டடத்தில் போடக் கூடாதா? போடலாம். இந்தியத் தரம் ஐ.எஸ். 383, 2016இல் திருத்தப்பட்டபோது அனுமதி கொடுத்தது. கம்பி கட்டிய காங்கிரீட்டில், எம்25 தரம் வரை, பெரிய ஜல்லியில் 20 சதவீதம் பழைய காங்கிரீட் ஜல்லி சேர்க்கலாம். கம்பியில்லாத காங்கிரீட்டில் 25 சதவீதம். அஸ்திவாரத்துக்கு அடியில் மட்டம் பார்க்கப் போடும் மெலிந்த காங்கிரீட்டில் முழுக்கவே போடலாம். புதுக் கட்டடத்தின் தூண்கள் எம்25க்கு மேல். அங்கே விதியே இடம் தரவில்லை. சிலாபில் சேர்க்கலாமே என்றேன். ஸ்ட்ரக்சரல் இன்ஜினீயர் சிரித்தார். “சார், நாளைக்கு ஒரு கீறல் வந்தா யார் கையெழுத்தைக் காட்டுவாங்க?” என்றார். நானும் சிரித்தேன். வேலையில் இருந்த காலத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். கடைசியில் பழைய கட்டடத்துக்குப் புதியதில் கிடைத்த இடம், அஸ்திவாரத்துக்கு அடியில் நாலு அங்குலம்.

இன்றைக்கு எதுவுமே சுழலவில்லை என்றால் அது பொய். இடித்த கம்பி ஒரு கிலோகூட வீணாகாமல் கும்மிடிப்பூண்டி உலைகளுக்குப் போய் மறுபடி கம்பியாகிறது. அப்பாயியால் ஆணியை நிமிர்த்தத்தான் முடிந்தது, உருக்க முடியவில்லை. கடையில் வாங்குகிற பி.பி.சி. சிமென்ட் மூட்டையில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல். அலுமினிய சென்டரிங் தகடுகளை நூறு முறைக்கு மேலும் பயன்படுத்துகிறார்கள். எங்கள் காலத்துச் சவுக்கு முட்டும் பலகையும் அதில் பத்தில் ஒரு பங்கு உழைத்தால் அதிகம். அந்தத் தகட்டுக்குள் ஊற்றி எடுக்கிற வீட்டில் எல்லாச் சுவரும் காங்கிரீட் என்பதால், பின்னால் ஒரு கதவை இடம் மாற்றக்கூட வழியில்லை என்பது வேறு கதை.

தாளின் கடைசிப் பகுதியில்தான் வேடிக்கை. பிரிட்டனின் எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2015இல் ஒரு சுழற்சிக் குறியீடு வெளியிட்டது. சுழியத்திலிருந்து ஒன்று வரை. அதன் சூத்திரத்தில் ஒரு கருணை உண்டு: எல்லாம் புதுப்பொருள், முடிவில் எல்லாம் குப்பை, சராசரி ஆயுள் என்றிருந்தாலும் 0.1 கிடைக்கும். பரீட்சைக்கு வந்ததற்கான மார்க். ஆனால் அதே சூத்திரம் ஆயுள் விஷயத்தில் மகா கண்டிப்பு. சராசரியைவிட இரண்டு மடங்கு காலம் நின்றால், வேறெதுவும் செய்யாமலே 0.55.

அந்தப் பெண் நம் புதுக் கட்டடத்தின் கணக்கைப் போட்டுக் காட்டினார். கால் பங்கு பழைய பொருள், முடிவில் கால் பங்கு மீட்பு, சராசரி ஆயுள் 60 வருஷம், நம் கட்டடத்தின் ஆயுளும் 60. மறுசுழற்சியில் ஆகும் இழப்பை ஒதுக்கிவிட்டால் 0.33 வந்தது.

“இப்ப இடிக்கிறோமே, அதைக் கட்டினவர் எத்தனை வருஷம்னு நினைச்சிருப்பார்?” என்று கேட்டேன்.

“அறுபதுதான் சார் நினைச்சிருப்பார்.”

“நின்னது நாப்பதுகூட இல்லை. இதுக்கு ஒரு முப்பது போட்டுப் பாருங்களேன்.”

போட்டார். சூத்திரம் சுழியத்துக்குக் கீழே போயிற்று. அப்படிப் போனால் சுழியம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பேவர் பிளாக், மெலிந்த காங்கிரீட், சாம்பல் சிமென்ட், எடைச் சீட்டுக் கட்டு எல்லாமாகச் சேர்ந்து சுழியம். கொஞ்ச நேரம் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் 60 என்று மாற்றிச் சேமித்துக்கொண்டார். “கிளையன்ட் 60தான் சார் டிக்ளேர் பண்ணியிருக்காங்க” என்றார். அதுவும் உண்மைதான்.

நெதர்லாந்தில் டிரியோடாஸ் வங்கிக்கு 2019இல் ஒரு மர அலுவலகம் கட்டினார்கள். ஒட்டாமல், பூசாமல், திருகாணியால் முடுக்கிய கட்டடம். பிரித்து வேறிடத்தில் நிறுத்தலாம். அதிலிருக்கும் பொருள்களையெல்லாம் ஒரு பதிவேட்டில் ஏற்றியிருக்கிறார்கள். திருகாணிகள் மட்டும் 1,65,312. அதைப் படித்ததும் கொட்டாங்கச்சி ஞாபகம் வந்தது. டச்சுக்காரர்கள் கட்டும்போதே எண்ணினார்கள், அப்பாயி பிரிக்கும்போது எண்ணினாள். நடுவில் நாங்கள் ஒரு தலைமுறை இன்ஜினீயர்கள் எதையும் எண்ணாமல் ஊற்றிக்கொண்டே போனோம்.

மர வங்கி நமக்குச் சரிப்படாது. கரையான் முதல் டெபாசிட்தாரராக வந்து நிற்கும். பத்து மாடியைச் சுண்ணாம்பிலும் எழுப்ப முடியாது. ஆனால் தூணும் உத்திரமும் காங்கிரீட்டில் நிற்கிற வீட்டில் இடைச்சுவர் எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. அதை ஏன் உடைத்தால் மட்டுமே வரும்படி கெட்டிக் கலவையில் கட்ட வேண்டும்? ஒயரையும் குழாயையும் சுவருக்குள் புதைத்துப் பூசிவிட்டு, பத்து வருஷத்தில் ஒரு கசிவுக்காகச் சுவரையே கொத்துவதில் என்ன அழகு? யு.பி.வி.சி. ஜன்னலைத் திருகாணியில் மாட்டுகிறார்கள், கழற்ற வருகிறது. மதிப்பீட்டுத் தாள் அதைக் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் தாளில் முதல் கேள்வி, “இது எப்படிக் கழலும்?” என்றிருக்க வேண்டும். இரண்டாவது கேள்வி, “கழற்றுகிறவருக்கு யார் கூலி கொடுப்பது?” அப்பாயி காலத்தில் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை. இப்போது இரண்டையுமே கேட்பதில்லை.

மத்திய அரசு 2016இல் கட்டட இடிபாட்டுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. 2025இல் அவற்றை மாற்றிப் புதிய விதிகளை அறிவித்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்றது. கட்டுகிறவரே இடிபாட்டுக்குப் பொறுப்பு என்கிறது புது விதி. அந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்கு. அதாவது இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி. சென்னைத் தெருக்களில் பன்னிரண்டு வீட்டை இடித்து இருபது வீடு கட்டுகிற திட்டங்கள் அந்த வாசற்படியை எட்டிக்கூடப் பார்க்காது.

ஆகவே சட்டம் உங்கள் தெருவுக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் அடுக்ககத்தில் கையெழுத்து வேட்டை ஆரம்பித்துவிட்டதென்றால், ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். ஒன்று: ஜேசிபி உள்ளே நுழையும் முன், கதவு, நிலை, ஜன்னல், கிரில், குழாய், ஒயர் எல்லாவற்றையும் கையால் கழற்ற மூன்று வாரம் அவகாசமும் அதற்கான கூலியும். இரண்டு: லாரி எடை போட்ட இடத்துச் சீட்டு போதாது, கொட்டிய இடத்துச் சீட்டு வேண்டும். இடிப்புக் கான்ட்ராக்டரிடம் ஒரு வெள்ளைத் தாளிலாவது கதவுகள் எங்கே போயின என்று எழுதி வாங்குங்கள். வாங்க முடிந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். இன்னும் அந்தக் கட்டம் என் எக்செல் தாளில் காலியாகத்தான் இருக்கிறது.